எண்பத்தெட்டாம் கிணற்றின் அட்டை

எங்கள் அலுவலகத்தில் எனக்குப் பின்னால் என்னைக் 'கட்டம்' என்றுதான் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. நிலத்தடி நீர்ப் பிரிவுக்கு நான் தலைமை. படிவத்தில் கட்டம் போடுவதும், யாராவது கட்டத்தைத் தாண்டி எழுதினால் எரிந்து விழுவதும்தான் என் வேலை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதில் பொய்யும் இல்லை. இருபத்தொரு வருடமாக இந்த ஆற்றுப் படுகையில் ஒரு கண்காணிப்புக் கிணறுகூட என் கட்டத்துக்குள் வராமல் தப்பியதில்லை.

என் அறைக்குப் பக்கத்தில் லிஃப்ட் இருக்கிறது. இருக்கிறது என்றால், அதன் குழி மட்டும் இருக்கிறது. பெட்டியைப் பழுதுபார்க்கக் கழற்றிக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். கதவு இருந்த இடத்தில் குறுக்காக ஒரு பலகையைக் கட்டி, 'கவனம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் அந்தப் பலகையைக் கடக்கும்போது குழிக்குள்ளிருந்து என் தம்பி "அக்கா" என்று கூப்பிடுகிறான். அலறல் எல்லாம் இல்லை. வேலைக்கு நடுவே ஏதோ சந்தேகம் கேட்பதற்குக் கூப்பிடுவானே, அந்தக் குரல். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நாடா விட்டு அளக்க முடியாத எதிலும் கிடையாது. ஆனாலும் கேட்கிறது. நானும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

தம்பி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டுப் பக்கத்தில் செடி நாற்றுப் பண்ணை வைத்திருந்தான். பெரிய வட்டக் கிணறு ஒன்று உண்டு. அதை ஆழப்படுத்தத் தானே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அடியில் காற்று கெட்டிருந்தது. மேலே வந்தது உடம்பு மட்டும்தான். விபத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, கிணறு சுத்தமா காஞ்சு கெடக்கு. படத்துல எங்க பக்கம் எப்படி போட்டிருக்கீங்க?"

வட்டாரங்களுக்கு நிறம் தீட்டிய படம் என் எதிர்ச் சுவரிலேயே தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். "பச்சைடா. இன்னும் பத்தடி தோண்டு. வரும்."

"நீ சொன்னா சரி" என்று வைத்துவிட்டான்.

அவனுடைய கிணறு காய்ந்திருக்கிறதே, படம் பச்சையாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லையா என்று யாராவது கேட்கலாம். தோன்றவில்லை. படம் நூற்று நாற்பது கிணறுகளின் சராசரி. ஒற்றைக் கிணற்றை வைத்து நான் எதையும் தீர்மானிப்பதில்லை. தம்பி கிணறானாலும் சரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருடம் முன்பு, கிணற்றில் தண்ணீர் இல்லை என்றால் அளவையாளர்கள் பூஜ்யம் எழுதிவிட்டு வந்தார்கள். பாவம், இல்லை என்றால் பூஜ்யம்தானே. ஆனால் கட்டம் கேட்பது தரையிலிருந்து எத்தனை அடி கீழே தண்ணீர் என்று. பூஜ்யம் என்றால் தண்ணீர் தரை மட்டத்தில் தளும்புகிறது என்று பொருள். ஒரு வருடம் பொட்டல் மேடு முழுக்கப் படத்தில் ஏரியாகிவிட்டது. வெள்ள நிவாரணப் பிரிவிலிருந்து போன் செய்து எத்தனை படகு வேண்டும் என்று கேட்டார்கள். அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தைத் திருத்தினேன். தண்ணீர் இல்லையென்றால் எதுவும் எழுதக் கூடாது, கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். ஒரே பக்கத்தில் அடங்கட்டும் என்று 'குறிப்பு' என்ற பத்தியையும் வெட்டி எறிந்தேன். கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டேன். பாராட்டுக் கடிதம் கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வருடா வருடம் எங்கள் நீர்மட்டம் ஏறியது. நாற்பத்தைந்து அடியில் இருந்த சராசரி, முப்பத்தாறு, முப்பது என்று வந்து, போன வருடம் இருபத்துநாலில் நின்றது. தம்பியின் வட்டாரம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பச்சையானது. பச்சை என்றால் யாரும் யாரையும் கேட்காமல் தோண்டலாம், துளைக்கலாம். இதை ஒரு சாதனை என்று கொண்டாடி, எங்கள் படிவத்தையும் நிறங்களையும் மாநிலத்தின் பதினொரு படுகைகளுக்கும் கட்டாயமாக்கும் கொள்கை வரைவு தயாரானது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் 'தரவுகள் சரியானவை' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சட்டமாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை, வரைவின் பின்னிணைப்பில் ஒரு சின்ன விவரம் விடுபட்டிருந்தது. எத்தனை கிணறுகளை வைத்துச் சராசரி எடுத்தோம் என்ற எண். நூற்று நாற்பது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கலாம். கட்டம் என்று பெயர் வாங்கியவள் அல்லவா, கணினியில் எண்ணிப் பார்த்தேன். அறுபத்தொன்று என்று வந்தது.

மறுபடி எண்ணினேன். அதே அறுபத்தொன்றுதான்.

மீதி எழுபத்தொன்பது கிணறுகளும் வெறும் கட்டங்கள். வெறும் கட்டத்தைக் கணினி கூட்டலிலும் சேர்க்காது, வகுத்தலிலும் சேர்க்காது. மேட்டில் அறுபது எழுபது அடியில் தண்ணீர் இருந்த கிணறுகள் ஒவ்வொன்றாகக் காய, ஒவ்வொன்றும் கணக்கிலிருந்தே காணாமல் போயிருக்கின்றன. ஆற்றோரத்துக் கிணறுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றிலும் தண்ணீர் ஆறடி இறங்கித்தான் இருக்கிறது. தோற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வகுப்பு நன்றாகப் படிக்கிறது என்று கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு கிணறு செத்தால் என் படம் இன்னும் கொஞ்சம் பச்சையாகும். அப்படித்தான் நான் அதைச் செய்து வைத்திருந்தேன்.

அளவையாளர்கள் எழுதி அனுப்பும் அட்டைகள் என் அறை அலமாரியில்தான் இருக்கின்றன. கணினிப் பிரிவில் முன்பக்கத்தை ஏற்றிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேட்டுப் பக்கத்து அட்டைக் கட்டை உருவினேன். கிணறுகளை எனக்கு எண்ணால்தான் தெரியும். எண்பத்தெட்டாவது அட்டையில் உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் தம்பி பெயர் இருந்தது. எங்கள் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு. நாலு வருடமாகக் கட்டம் காலி.

அட்டை கையிலிருந்து நழுவித் தரையில் குப்புற விழுந்தது. பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. கடைசி வரி, தம்பி இறங்குவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி போட்டு: 'கல் போட்டேன். காய்ந்த சத்தம். விளக்கு இறக்கினேன், முப்பதடியில் அணைந்தது. இரண்டாம் முறையும் அணைந்தது. காற்று கெட்டது. யாரும் இறங்கக் கூடாது.'

மற்ற அட்டைகளையும் திருப்பினேன். எல்லாவற்றிலும் பென்சில் எழுத்து. பன்னிரண்டு வருடத்து எழுத்து.

அதை எழுதியவரை எல்லோரும் கல்லு சார் என்பார்கள். சட்டைப் பையில் எப்போதும் கூழாங்கல் வைத்திருக்கும் அளவையாளர். போனில் பிடித்தேன்.

"இதையெல்லாம் ஏன் முன்பக்கம் எழுதல?"

"நீங்கதான மேடம் சுற்றறிக்கை விட்டீங்க, கட்டத்துக்கு வெளிய ஒரு புள்ளி வைக்கக் கூடாதுன்னு."

"அப்ப நேர்ல வந்து சொல்லியிருக்கலாமே."

"ரெண்டு தடவ வந்தேன். மேடம் மீட்டிங்ல இருக்காங்க, எதுவா இருந்தாலும் படிவத்துல எழுதுங்கன்னாங்க." அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "எண்பத்தெட்டு பத்தி கேக்கறீங்களா மேடம்?"

"ஆமா."

"அங்க நான் நேர்லயே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "சரி, விடுங்க. வெயில்ல நிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

இயக்குநரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். அறுபத்தொன்று என்ற எண்ணைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்ததையும் பார்த்தேன்.

"அடுத்த வருஷத்துலேருந்து படிவத்தை மாத்திடுவோம் மேடம். வத்தின கிணத்துக்குத் தனிக் குறியீடு போடுவோம். நல்ல விஷயம்தான்."

"பழைய படம்?"

"அது இருந்துட்டுப் போகட்டும். இப்பப் போயி அதைச் சிவப்பாக்கினா, பன்னெண்டு வருஷமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. என்னைக் கேக்க மாட்டாங்க, உங்களத்தான் கேப்பாங்க." தயங்கினார். "உங்க தம்பி விஷயத்தையும் இழுப்பாங்க. அவர் சம்சாரம் காதுக்குப் போகும். வேணுமா இது?"

வேண்டாம் என்றுதான் எனக்கும் இருந்தது. நான் நல்லவள் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அன்று மாலை வரை பூசி மெழுகிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அறைக்குத் திரும்பும்போது குழிப் பக்கம் நின்றேன். தம்பி கூப்பிடவில்லை. பதினான்கு மாதத்தில் முதல் தடவை. கூப்பிட்டபோது இல்லாத பயம் அப்போது வந்தது. பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "டேய்" என்று நானே கூப்பிட்டேன். மாடிப்படியில் வந்த கடைநிலை ஊழியர் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலத் திரும்பி இறங்கிப் போனார்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அட்டை கைப்பையில் இருந்தது.

தம்பி மனைவி நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவன் போன பிறகு பண்ணையில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. லாரித் தண்ணீரை நீலப் பீப்பாய்களில் பிடித்து வைத்து, குவளையால் அளந்து அளந்து ஊற்றுகிறாள். பின்னால் கிணற்றின் மேல் தகரம் போட்டு மூடி, நாலு பெரிய கல் ஏற்றியிருந்தாள்.

"வாங்க அண்ணி. சொல்லாம வந்திருக்கீங்க" என்றாள்.

உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னேன். வெறும் கட்டம், சராசரி, பச்சை எல்லாம். அட்டையை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். மண் கையோடு வாங்கிப் படித்தாள். அழுவாள், அல்லது என்னை வாய்க்கு வந்தபடி பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது எங்களுக்குத் தெரியும் அண்ணி" என்றாள்.

"எது?"

"காத்து கெட்டிருக்குன்னு. விளக்கு இறக்கினப்ப நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான் நின்னோம். கல்லு சாரு இவரு கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, தம்பி, இதுல இறங்காத, கீழ ஒண்ணும் இல்லன்னு."

"அப்புறம் ஏன் இறங்கினான்?"

மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "ரெண்டு மாசம் இறங்கல. உங்களுக்குப் போன் பண்ணினாரு. வச்சுட்டு வந்து, தண்ணி இருக்காம், தண்ணி இருந்தா காத்தும் இருக்கும்னு சிரிச்சாரு. நான் வேணாம்னுதான் சொன்னேன். அந்த ஆளுக்குக் கல்லு போடத்தான் தெரியும், எங்க அக்கா மொத்தப் படுகையையும் அளந்து வச்சிருக்கா, உனக்கு என்ன தெரியும்னு என்னையே திட்டினாரு."

எச்சரிக்கை அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்று இரவெல்லாம் அழுதிருந்தேன். போய்ச் சேர்ந்திருக்கிறது. என் பச்சை அதை அடித்துவிட்டது.

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"சொல்லி? நீங்களும் கிணத்துல விழுவீங்க. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதா?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா சொல்லியிருக்கணும் போல. அங்க பாருங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று கால் கட்டைகளை நட்டு, கப்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கிணறு வெட்டுகிறவர் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"காலைலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். காதுல போட்டுக்க மாட்டேங்கறாரு. உங்க படத்தத்தான் காட்டறாரு" என்றாள்.

வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. புடவை கிழிந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். "இறங்காதீங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

தோட்டக்காரர் மரியாதையாகவே எழுந்தார். "நீங்க யாரும்மா?"

"நிலத்தடி நீர் ஆபீஸ்லேருந்து வரேன்."

"நல்லதாப் போச்சு" என்று போனை நீட்டினார். எங்கள் துறை முத்திரையோடு படம். அவர் விரல் வைத்த இடம் பச்சை. "உங்க ஆபீஸே போட்டிருக்கு. மாடு கண்ணுக்குக் குடிக்கத் தண்ணி இல்லம்மா. பத்தடி போனா வந்துரும்."

பத்தடி. தம்பிக்கு நான் சொன்ன அதே வார்த்தை. எவ்வளவோ சொல்ல இருந்தது, சராசரி, வகுத்தல் என்று. எதுவும் வாயில் வரவில்லை. தம்பி மனைவிதான் பின்னாலேயே வந்து, அவர்கள் வைத்திருந்த விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினாள். எல்லோரும் குனிந்து பார்த்தோம். சுடர் சின்னதாகிக்கொண்டே போய், நின்றுவிட்டது. "காத்துல அணைஞ்சிருக்கும்" என்றார் வெட்டுகிறவர். மேலே இழுத்து மறுபடி ஏற்றி இறக்கினாள். அதே இடத்தில் மறுபடி அணைந்தது. நடுப்பகல். ஓர் இலைகூட ஆடவில்லை.

தோட்டக்காரர் அணைந்த விளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். "ஆனா படத்துல பச்சையாத்தானம்மா இருக்கு."

"அந்தப் பச்சையப் போட்டது நான்தான்" என்றேன். "அது தப்பு. அத நம்பித்தான் என் தம்பி செத்தான்."

வெட்டுகிறவர் இடுப்புக் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார். தோட்டக்காரர் மறுபடி வாளி மேல் உட்கார்ந்தார்.

"அப்ப இந்தப் பக்கம் தண்ணி எங்கதான் இருக்கு?"

"இல்ல" என்றேன். "இந்தப் பக்கம் தண்ணி இல்ல."

இருபத்தொரு வருட வேலையில் அந்த வாக்கியத்தை நான் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. எழுதியதும் இல்லை. அவர் கோபப்படவில்லை. மாடுகளை ஆற்றோரத்துக்கு ஓட்டிப் போக வேண்டியதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அங்கேயே நின்று இயக்குநருக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை எழுபத்தொன்பது அட்டைகளோடு வருவேன், கூட்டத்தில் பின்பக்கங்களை வாசிப்பேன், கல்லு சாரையும் கூட்டி வருவேன், படம் சிவப்பாகும் வரை விட மாட்டேன் என்றேன். "உங்க வேலை போயிரும் மேடம்" என்றார். மிரட்டலாக இல்லை. எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. சரி சார் என்று வைத்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தம்பி மனைவி பாதை முனை வரை கூட வந்தாள். முனையில் நின்று, அட்டையை என்னிடம் நீட்டினாள். நீட்டியவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். அவரு போன் பண்ணி, நீங்க பச்சைன்னு சொன்னீங்களே, அப்ப இந்த அட்டை எங்க இருந்துச்சு?"

"என் ரூம்ல. அலமாரில."

"நீங்க உக்காந்திருந்த எடத்துலேருந்து எவ்வளவு தூரம்?"

பொய் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயந்திரமே நாடாவை எடுத்து நான் அதை அளந்து பார்த்திருந்தேன்.

"மூணடி" என்றேன்.

அவள் அட்டையை விட்டாள். தலையை ஆட்டிவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் திரும்பிப் போனாள்.